முயல் ஆன்டிபாடியை எப்போது நம்பலாம்?

உயிரியல் ஆய்வகத்துக்கு வரும் சின்னஞ்சிறு குப்பி ஒன்று. உள்ளே சில துளி நிறமற்ற திரவம்: ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி. ஒட்டியிருக்கும் தாளில் 'பிக்-ஏ, முயல், பாலிகுளோனல்' என்று இருக்கும். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம். முதலில் பிக்-ஏ.

நம் செல்களின் வெளிப்பரப்பில் உள்ள புரதங்களில் 150-க்கும் மேற்பட்டவை சவ்வைத் துளைத்து நிற்பவை அல்ல. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த 'ஜிபிஐ' என்னும் நங்கூரம் அவற்றின் வால்முனையில் பொருத்தப்பட்டிருக்கும். நங்கூரத்தின் கொழுப்புப் பகுதி சவ்வில் பதிந்துகொள்ளும். செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் இந்த நங்கூரம் படிப்படியாகக் கட்டப்படுகிறது. கொழுப்பின் மேல் முதல் சர்க்கரையை ஏற்றும் நொதிக் கூட்டத்தில் வினையை நடத்துவது பிக்-ஏ. 484 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். இதன் ஜீனை 1993-இல் ஜப்பானின் ஒசாகாவில் டாரோ கினோஷிடா குழுவினர் பிரித்தெடுத்தார்கள்.

பிஎன்எச் என்ற அரிய ரத்த நோயின் மூலமும் அந்த ஆண்டே தெரிந்தது. எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல் ஒன்றில் பிக்-ஏ ஜீன் பழுதாகிறது. அதிலிருந்து பிறக்கும் ரத்த செல்களில் நங்கூரம் இருக்காது. அதனால் சிடி55, சிடி59 என்ற காவல் புரதங்களும் இருக்காது. உடலின் சொந்த நோயெதிர்ப்பு ஆயுதமான காம்ப்ளிமென்ட் புரதங்கள் அந்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கறுத்துப் போகும். நங்கூரத்தைக் கட்ட இருபதுக்கும் மேற்பட்ட ஜீன்கள் வேண்டும். அப்படியிருக்க, நோயாளிகளில் பெரும்பாலும் இந்த ஒன்றே கெடுவது ஏன்? பிக்-ஏ எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணிடம் இருப்பது ஒரே எக்ஸ். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இயங்குவதும் ஒன்றுதான். ஒரே அடி போதும். மற்ற ஜீன்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் கெட வேண்டும்.

இனி முயல். பிக்-ஏயின் ஒரு துண்டை முயலுக்கு ஊசியாகப் போடுகிறார்கள். துண்டு மிகச் சிறியதென்றால், கடல் நத்தை வகை ஒன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பெரிய புரதத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். இல்லாவிட்டால் முயலின் உடல் அதைப் பொருட்படுத்தாது. சில வாரங்கள் இடைவெளி விட்டு மீண்டும் ஊசி. பிறகு ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி இருக்கும் சீரத்தைப் பிரிப்பார்கள். எலியைவிட முயலிடம் ரத்தம் அதிகம் கிடைக்கும் என்பது ஒரு வசதி.

ஒரே துண்டுக்கு எதிராக முயலின் பல பி-செல் வம்சங்கள் ஆன்டிபாடி சுரக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும். அந்தக் கலவைதான் பாலிகுளோனல். ஓரிடம் சிதைந்திருந்தாலும் இன்னொன்று பிடிக்கும் என்பது இதன் பலம். ஆனால் அந்த முயல் ஆயுளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிரானவையும் அதே சீரத்தில் இருக்கும். அதே பிக்-ஏ துண்டை உள்ளே ஒட்டவைத்த குழாயின் வழியே சீரத்தை ஓடவிட்டு, ஒட்டுவதை மட்டும் எடுப்பது இதற்குப் பரிகாரம். இன்னொரு குறைக்குப் பரிகாரமே இல்லை: முயல் இறந்தால் அந்தக் கலவையும் முடிந்தது. அடுத்த முயலின் கலவை வேறு. பட்டியல் எண் அதேதான் இருக்கும், தொகுதி எண் மட்டும் மாறும்!

புரதங்களை எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் 54 கிலோடால்டன் எடை அருகே ஒரு பட்டை தெரிந்ததும் 'இதோ பிக்-ஏ' என்று எழுதிவிடும் ஆசை வரும். அது போதாது. அதே எடையில் வேறொரு புரதம் ஒட்டியிருக்கலாம். பிக்-ஏ இல்லாத செல்லில் பட்டை மறைந்து, ஜீனைத் திரும்பச் சேர்த்ததும் மீண்டும் தோன்றினால்தான் நம்பலாம்.

அப்படிப்பட்ட செல்லைப் பெறுவது இங்கே சுலபம். ஏரோலைசின் என்ற பாக்டீரியா நச்சு ஜிபிஐ நங்கூரத்தைப் பற்றிக்கொண்டு செல்லைக் கொல்லும். பிழைப்பவை நங்கூரம் இல்லாதவை. அவற்றில் பெரும்பாலானவை பிக்-ஏ கெட்டவை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் வேலை நின்றிருந்தால், செயலற்ற புரதம் செல்லில் அப்படியே இருக்கலாம், பட்டையும் தெரியும். ஆகவே எந்த மாற்றம் என்று ஜீனைப் படித்துப் பார்க்காமல் ஆன்டிபாடியைக் குறை சொல்லக் கூடாது. புரதமே உருவாகாதபடி ஜீனை வெட்டும் கிரிஸ்பர் கருவி கொண்டு அதை முடக்குவது இன்னும் தெளிவான வழி.

பிஎன்எச் நோயைக் கண்டறிய இந்தக் குப்பி உதவாது. அதற்கு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி59-ஐயும், ஒளிரும்படி மாற்றிய ஏரோலைசினையும் பார்க்கிறார்கள். அவை சொல்வது நங்கூரம் உண்டா இல்லையா என்பதை. முயல் ஆன்டிபாடி சொல்வது, நங்கூரத்தைத் தொடங்கும் புரதம் உண்டா இல்லையா என்பதை மட்டும்.

வாங்கப் போகும் மாணவருக்கு ஒரு வார்த்தை: பிக்-ஏ முடக்கிய செல்லின் வெஸ்டர்ன் பிளாட் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். கைக்கு வந்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். ஆய்வுக் குறிப்பேட்டில் பட்டியல் எண்ணோடு தொகுதி எண்ணையும் எழுதிவையுங்கள்.