பத்திக்காதுன்னு சொன்னா, எப்படின்னு கேளுங்க

மின்சாரக் கார் வாங்க ஆசையாத்தான் இருக்குது, பத்திக்குமோன்னு பயமாவும் இருக்குதுங்கறீங்க. பயப்படறதுல தப்பில்லீங்க மாமா. டீயைக் குடிங்க, நிதானமாச் சொல்றேன்.

2022 மார்ச்சுல வேலூர்ல ராத்திரி சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிஞ்சு, அந்தப் புகையிலேயே அப்பாவும் மகளும் மூச்சுத்திணறிப் போயிட்டாங்க. அடுத்த மாசமே விஜயவாடாவுல, கழட்டிப் படுக்கையறையில சார்ஜ் போட்ட பேட்டரி வெடிச்சு ஒருத்தர் உசுரு போச்சு. அந்த வண்டி நம்ம கோயமுத்தூர் பூம் மோட்டார்ஸோடதுங்க. பம்புக்கும் மோட்டாருக்கும் பேரெடுத்த ஊருக்கு இது சாதாரண விஷயமில்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்புச்சு.

எப்படிப் பத்துதுன்னு கேட்டீங்கன்னா, பேட்டரிக்குள்ள செல்லுகளை அடுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு செல்லுலயும் பிளஸ்ஸையும் மைனஸையும் பிரிக்கறது தலைமுடியை விட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் ஏடு. உள்ளுக்குள்ள ஷார்ட் ஆச்சுன்னா, சுமார் 130 டிகிரியில அது உருகிரும். அதுக்கப்புறம் சூடே சூட்டை வளர்க்கும். நிக்கல் செல்லா இருந்தா ஆக்சிஜனையும் தானே விடும். அதனாலதான் மண்ணைப் போட்டு மூடினாலும் அடங்கறதில்ல, தண்ணியை ஊத்தி ஊத்திக் குளிர வைக்கணும். எல்எஃப்பிங்கற இன்னொரு வகை செல் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. ஆனா எரியவே எரியாதுன்னு சொன்னா நம்பாதீங்க, அது விடற வாயுவும் பத்தும்.

எந்த செல்லும் கெடவே கெடாதுன்னு யாராலும் சொல்ல முடியாதுங்க. மில் குடோன்ல ஒரு பேல் பத்தினா அடுத்த பேலுக்குத் தாவாமப் பாத்துக்கறாங்களே, இங்கயும் அதுதான் முக்கியம். 2022 தீ விபத்துகளுக்குப் பின்னாடி டாடா நரசிங்க ராவ் தலைமையில நிபுணர் குழு போட்டாங்க. அவங்க சொன்னபடி ஏஐஎஸ்-156ங்கற பேட்டரித் தரவிதியை 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமா இறுக்கினாங்க. செல்லுக்குச் செல் இடைவெளி, வாயு வெளியேற வழி, சூடானா அலாரம் எல்லாம் அதுல வந்துச்சு.

அப்ப சான்றிதழ் போதாதான்னு கேப்பீங்க. அந்த விதியை இறுக்கறதுக்கு முன்னாடி, 2022லயே புனேயில ஒரு ஸ்கூட்டர் எரிஞ்ச பின்னாடி ஓலா 1,441 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. அப்பவும் எங்க பேட்டரி ஏஐஎஸ்-156க்கு உட்பட்டதுதான்னு சொன்னாங்க. அது பொய்யாவே இருக்கணும்னு இல்லீங்க. சோதனைக்குக் கொடுத்த பேட்டரி தேறுச்சுன்னுதான் சான்றிதழ் சொல்லும். தினமும் லைன்ல இறங்கற ஒவ்வொரு பேட்டரியையும் அதே கவனத்தோட செஞ்சாங்களான்னு அது சொல்லாது. எரிஞ்ச வண்டியைப் பிரிச்சுப் பாத்து, காரணத்தை எழுத்துல வெளியிடற கம்பெனியைத்தான் நான் நம்புவேன். "இது தனிப்பட்ட சம்பவம்"னு ஒரு வரியில முடிக்கறவங்களை எப்படிங்க நம்பறது?

கார் விஷயத்துல உங்க பயம் கொஞ்சம் குறையலாம். பெட்ரோல், டீசல் காரை விட மின்சாரக் கார் எரியறது குறைவுன்னு ஸ்வீடன் அரசுக் கணக்கே சொல்லுது. இருந்தாலும் ஷோரூம்ல இதைக் கேளுங்க: எந்த வகை செல்? ஒரு செல் பத்தினா அடுத்ததுக்குப் போகாம எது தடுக்குது? கார் எத்தனை நிமிஷம் முன்னாடி எச்சரிக்கும்? பதிலை எழுதியே வாங்குங்க. சனிக்கிழமை போறதா இருந்தா சொல்லுங்க மாமா, நானும் கூட வர்றேன்.