தாக்குவதா, தடுப்பதா?

இருவர் மோதும் வீடியோ விளையாட்டுகளைப் பழகத் தொடங்குவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தித் தாக்கிக்கொண்டே இருப்பர். மறுசாரார் தடுத்தபடியே மூலையில் ஒதுங்கி நிற்பர். என் நானா முதல் வகை. நான் இரண்டாம் வகை. எது சிறந்தது?

இவ்விளையாட்டுகளின் அடிப்படை எளிது. தடுப்பு அடியை வெல்லும். தடுத்து நிற்பவரைப் பிடித்து எறியலாம். ஆகவே பிடி தடுப்பை வெல்லும். பிடிக்க வருபவரை முந்தி அடிக்கலாம். ஆகவே அடி பிடியை வெல்லும். ஒன்றை மட்டும் நம்புபவர் எப்படியும் தோற்பார்.

அடுத்தது நேரக் கணக்கு. பொதுவாக ஒரு விநாடியில் 60 காட்சிகள் ஓடும். அடித்தவர் பழைய நிலைக்குத் திரும்பச் சில காட்சிகள் கழியும். பலமான அடி தடுக்கப்பட்டால், அவ்வேளையில் அவர் செய்வதறியாது நிற்பார். தடுத்தவர் பதிலடி கொடுக்கவேண்டிய கணம் அதுதான். அதைப் பயன்படுத்தாத தடுப்பு, தோல்வியைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

2004இல் கலிபோர்னியாவில் நடந்த 'ஈவோ' போட்டி இதற்கு நல்ல சான்று. 'ஸ்ட்ரீட் பைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்' விளையாட்டில் ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வொங்கும் மோதினர். டைகோவின் உயிர்க்கோடு ஏறத்தாழ முடிந்திருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலும் சிறு சேதம் ஏற்படும்; அதுவே அவரை வீழ்த்தப் போதும். ஜஸ்டின் பல உதைகள் கொண்ட பெருந்தாக்குதலைத் தொடுத்தார்.

அவ்விளையாட்டில் சேதமின்றி அடியைத் தட்டிவிட ஒரு வழி உண்டு. அடி விழும் கணத்தில் பின்வாங்காது, எதிராளியை நோக்கி முன்னே அழுத்த வேண்டும். டைகோ 15 உதைகளையும் அவ்வாறே தட்டிவிட்டு, உடனே பதிலடி கொடுத்து வென்றார். அது தடுப்பா, தாக்குதலா? இரண்டும்தான்.

இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான்: கண்ணை மூடிக்கொண்டு தாக்குவதும், மூலையில் ஒடுங்குவதும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள். எதிராளியைப் பார்க்கும் துணிவு இரண்டிலும் இல்லை. எனவே புதிதாகப் பழகுபவர் முதலில் தாராளமாகத் தாக்கிப் பார்க்கட்டும். தன் அடியின் தூரமும் வேகமும் அப்போதுதான் புரியும். பின்னர் ஒவ்வோர் ஆட்டத்திலும், "இப்போது யாருடைய முறை?" என்று தன்னையே கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை தெரிந்தவருக்குத் தாக்கவும் தெரியும், பொறுக்கவும் தெரியும்.