நெற்றியிலிருந்து இறங்கும் மூக்கு

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ கடலுக்குப் போய்வரும் ஒருவரின் மூக்கு நுனியில் ஆறாத சிறு புண் என்று வைத்துக்கொள்வோம். பொருக்கு விழும், திரும்ப இரத்தம் கசியும். நோவில்லை என்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுவார். அது வெயில் கொண்டுவந்த தோற்புற்றுநோயாக இருக்கலாம். கறுத்த தோலில் இது குறைவு, ஆனால் வராது என்றில்லை. அதை வெட்டி எடுப்பதைவிட, வெட்டிய குழியை எதைக்கொண்டு மூடுவது என்பதில்தான் சத்திரசிகிச்சை நிபுணரின் கெட்டித்தனம் இருக்கிறது.

தொடையில் தோல் சீவி ஒட்டலாம். ஆனால் நிறம் பொருந்தாது, சுருங்கும். முழுதாக அறுத்தெடுத்த தோல் போய்ச்சேர்ந்த இடத்து இரத்தத்தை நம்பியே பிழைக்க வேண்டும். வெறும் எலும்பின்மேல் அது பிடிக்காது. பக்கத்துத் தோலை ஒரு முனை அறுக்காமல் திருப்பிக் கொண்டுவந்தால் இரத்தமும் கூடவே வரும். இதுதான் தோல் மடல்.

கண்ணாடி முன் நின்று கன்னத்தைக் கிள்ளுங்கள், இழுபடும். மூக்கு நுனியில் தோல் அப்படி இழுபடாது. நிபுணரும் முதலில் இப்படித்தான் தடவிப் பார்ப்பார்: எங்கே தோல் மிச்சம்? மூக்கோரத்திலிருந்து வாய்ப்பக்கம் இறங்கும் மடிப்பு வாய்ப்பான இடம். தழும்பு அந்த மடிப்பிலேயே மறைந்துவிடும். கீழிமையும் உதடும் இழுபடாமல் பார்ப்பதுதான் கஷ்டம். சிறு மடலென்றால் விறைக்க ஊசி போட்டு ஒரே தடவையில் முடிந்துவிடும்.

குழி பெரிதென்றால் நெற்றிதான். இது நம் பக்கத்து வித்தை. கன்னத்துத் தோலால் மூக்கு அமைப்பதைப் பழைய வைத்திய நூலான சுசுருத சங்கிதை சொல்கிறது. ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, 1792 போரில் திப்பு சுல்தானின் படையிடம் அகப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். அவருக்குப் புனேக்குப் பக்கத்தில் நெற்றித் தோலால் மூக்கு வைத்தவர் செங்கல் சூளைச் சாதியார் ஒருவர். மெழுகுத் தகட்டை மூக்குப்போல வளைத்துப் பார்த்து, தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிக் கோடு கீறி, புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் விட்டுத் தோலை உரித்தார். அதைத் திருப்பி மூக்கிடத்தில் பொருத்தினார். தையல் இல்லை, காசுக்கட்டி பூசிய துணிதான் பிடித்து வைத்தது. ஏறக்குறைய 25ஆம் நாள் காம்பை அறுத்தார். 1794இல் லண்டன் சஞ்சிகை ஒன்று இதை வெளியிட்டது. 1814இல் ஜோசப் கார்ப்யூ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் லண்டனிலேயே இதைச் செய்து காட்டினார்.

இன்றைக்கும் காம்பை அறுப்பது வழக்கமாக மூன்று வாரத்தில். அதற்குள் புதிய இடத்தில் இரத்தக்குழாய்கள் முளைத்துவிடும். காம்பு இருக்கும்வரை மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டதுபோலச் சிலருக்குத் தெரியும். காம்பை அறுக்க இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஊர்காவற்றுறைக்காரர் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வரலாம். நெடுந்தீவார் கட்டுப்போட்ட முகத்தோடு குறிகட்டுவானுக்குப் படகேற வேண்டும். அவருக்கு ஒரே தடவையில் முடியும் சிறு மடல்தான் வசதி. அதற்குப் புண் சிறிதாக இருக்கும்போதே போகவேண்டும்.

சுருட்டுக்காரருக்கு ஒரு சொல். நிக்கொட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். காம்பு நன்றாக இருந்தாலும் மடலின் நுனி கறுத்துச் செத்துப்போகலாம். அதனால் சில வாரம் முன்னரே சுருட்டை நிறுத்தச் சொல்வார்கள்.