மாடலும் நானும் ஒரு தெர்மகோல் அட்டையும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுலே" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு எங்கள் ட்ரிபிள் ஈ-யிலேயே என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுக்காமல், நான் போய் வந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

போன ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த கையோடு, பாளையங்கோட்டையில் இரண்டு நாள் போட்டோகிராஃபி வொர்க் ஷாப் ஒன்று நடந்தது. உட்கார்ந்து பேச்சைக் கேட்டுவிட்டு சர்டிபிகேட் வாங்கி வருகிற சமாச்சாரம் இல்லை. மாடல்களை எதிரே உட்கார வைத்து, லைட் வைப்பதிலிருந்து பட்டனை அழுத்துவது வரை எல்லாம் நாமே செய்து பழக வேண்டும். கட்டணம் 800 ரூபாய், மாணவர்களுக்கு 500.

வீட்டில் சொன்னேன். "வொர்க் ஷாப்புன்னா லேத்துப் பட்டறைதானலே? படிக்கும்போதே வேலைக்குச் சேத்துக்கிடுவாங்களா?" என்று அப்பா சந்தோஷமாகக் கேட்டார். அப்பா கொத்தனாருக்குக் கையாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் படிப்பு சம்பந்தமாக நான் எதைச் சொன்னாலும் அவர் காதில் அது வேலை என்றுதான் விழும். ஹாஸ்டலில் சொன்னபோது நடந்ததே வேறு. "மாடலா? குடுத்து வச்சவன்டா நீ!" என்று ஒரு வாரம் ஓட்டித் தள்ளிவிட்டார்கள். ஓட்டியவர்களும் இந்தக் கட்டுரையைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் போனது எங்க அம்மாவின் போட்டோவுக்காக.

அம்மா பீடி சுற்றுகிறார். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். (தெரியாதவர்கள் உடனே விசாரியுங்கள்.) முதல் வருடம் நான் விண்ணப்பித்தபோது, சரிபார்க்கிற இடத்தில் இருந்தவர் அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "இது நீங்கதானாம்மா? ஒரே கறுப்பா இருக்கு, கண்ணு மட்டும்தான் தெரியுது. வேற போட்டோ எடுத்து மாத்திட்டு வாங்க" என்றார். வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையை மாற்றுவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்த வருடம் பீஸ் பாக்கியைக் கட்ட அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது.

அம்மா கறுப்பு, அதனால் போட்டோ அப்படித்தான் வரும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு போட்டோகிராஃபர் அண்ணாச்சியோடு கல்யாண வீடுகளுக்கு லைட் பிடிக்கப் போகிறவன் நான். அப்படியிருந்தும் எனக்கு இது தெரியவில்லை. லைட்டைப் பிடிக்கிறவன் படத்தைப் பார்ப்பதில்லை, பாருங்கள்! அந்த அண்ணாச்சிதான் தன்னுடைய பழைய கேமராவையும் 18-55 லென்ஸையும் இரண்டு நாளைக்குக் கொடுத்து அனுப்பினார்.

முதல் நாள் காலையில் மாஸ்டர் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் இரண்டு மாடல்களை உட்கார வைத்தார். ஒருவர் நல்ல சிவப்பான இளைஞர். இன்னொருவர் நாடகத்தில் நடிக்கிற ஒரு அக்கா, எங்க அம்மா நிறம். "ரெண்டு பேரையும் தனித்தனியா ஆட்டோவிலே எடுங்க" என்றார். எடுத்தோம். அந்த இளைஞர் முகம் சுமாராக வந்தது. அக்காவின் முகம் அப்படியே எங்க அம்மாவின் அட்டை! பத்துப் பேர், பத்து கேமரா, ஏறக்குறைய ஒரே படம்.

இப்போது காரணத்தைக் கேளுங்கள். கேமராவுக்குள் ஒரு மீட்டர் இருக்கிறது. நம் லேபில் இருக்கிற அம்மீட்டர் மாதிரி அது உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டுப் போகாது. எதிரே இருக்கும் காட்சி, தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அதுவாகவே வைத்துக்கொள்ளும். படத்தில் பெரும்பகுதி வெள்ளைச் சுவர் என்றால், "வெளிச்சம் ஜாஸ்தி" என்று முடிவுகட்டிக் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், ஏற்கெனவே கறுத்த முகம் கரியாகிவிடும். சரி, சுவரே வேண்டாம் என்று ஸ்பாட் மீட்டரை அந்த முகத்தின் மேல் மட்டும் வைத்தால் கதை தலைகீழ். "இருட்டா இருக்கே" என்று ஏற்றிவிடும். நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும். இரண்டிலும் தப்பு செய்வது மீட்டர். பழி விழுவது முகத்தின் மேல்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டச் சொன்னார் மாஸ்டர். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அக்காவின் முகம் வந்தது. கன்னத்தின் மேடு, புருவம், உதட்டோரத்தில் ஒரு சிறு தழும்பு, எல்லாம். அதே கேமரா, அதே முகம், அதே சுவர். ஒரு சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பியதுதான் வித்தியாசம். எங்க அம்மா அந்த வரிசையில் நின்று சிரித்தது இந்த ஒரு சக்கரத்துக்காகவா என்று இருந்தது எனக்கு.

மீட்டராவது போகட்டும். பிலிம் காலத்தில் நடந்ததைக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதற்கு ஷர்லி கார்டு என்று பெயர். அதில் முதலில் மாடலாக இருந்த, அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த பெண்ணின் பெயர் ஷர்லி. வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் மிஷின் சரி. மற்றவர்கள் தோல் எப்படி வருகிறது என்று பல வருடம் யாரும் கவலைப்படவில்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் "எங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை" என்று புகார் செய்த பிறகுதான் பிலிமைத் திருத்தினார்களாம். பல நிறத்துப் பெண்களைச் சேர்த்துக் கார்டு போட்டது 1990-களில். மனுசன் சொன்னால் கேட்காதவன் மேஜையும் நாற்காலியும் சொன்னால் கேட்கிறான்!

"இதெல்லாம் புத்தகத்திலே இருக்கே, 500 ரூபாய் கொடுத்துப் போகணுமா?" என்று கேட்பீர்கள். நம் முதல் வருட ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். அரத்தை எப்படிப் பிடிப்பது என்று ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் போட்டு எழுதினோம். இரும்புத் துண்டைத் தேய்த்துவிட்டு ட்ரை ஸ்கொயரை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கை கொப்பளித்த பிறகுதானே சமதளம் என்றால் என்னவென்று புரிந்தது? இதுவும் அதே கதைதான். இங்கே வைஸில் மாட்டியிருப்பது உயிருள்ள ஆள் என்பதால் இன்னும் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைச் சொல்லித் தந்தது மாஸ்டர் இல்லை, அந்த அக்காதான். என் முறை வந்ததும் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு கடகடவென்று இருபது படம் எடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்பிள்ளையிடம் என்ன பேசுவது என்று கூச்சம் வேறு. அவரே கேட்டார்: "தம்பி, நான் என்ன செய்யணும்?" "சும்மா இருங்கக்கா போதும்" என்றேன். "சும்மா இருக்கறதுதாம்பா ரொம்பக் கஷ்டம். கையை எங்க வைக்கட்டும், எங்க பார்க்கட்டும், எதையாவது சொல்லு. இல்லேன்னா கைக்கு ஒரு வேலை குடு" என்றார். பக்கத்தில் கிடந்த பூவையும் நாரையும் கொடுத்தேன். கட்ட ஆரம்பித்தார். இரண்டு நிமிடத்தில் தோள் இறங்கியது, கழுத்து இளகியது. கூப்பிட்டேன், நிமிர்ந்தார், எடுத்தேன். இரண்டு நாளில் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

ஆதிகாலத்தில் இந்த வசதியெல்லாம் இல்லை. 1838-இல் பாரிஸ் வீதி ஒன்றை டாகேர் எடுத்த படத்தில், போன வந்த வண்டிகளும் ஆட்களும் விழவே இல்லை. பல நிமிட எக்ஸ்போஷர். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற ஒருவர் விழுந்திருக்கிறார். பிறகு வந்த ஸ்டுடியோக்களில் தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்தார்களாம். நம்முடைய கேமரா 1/125 விநாடியில் எடுத்துவிடும். ஆனாலும் ஸ்டுடியோவில் ஸ்டூலில் உட்கார்ந்ததும் நாம் கவ்வி மாட்டிய மாதிரிதான் விறைத்துக்கொள்கிறோம்!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 18 மி.மீ.-இல் கிட்டப் போய் முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகிக் காது ஒதுங்கிவிடும். பின்னால் தள்ளி நின்று 55-இல் எடுத்தால் முகம் முகமாக இருக்கும். ஃபிளாஷ் போட்டு 1/500-இல் எடுத்தேன், பாதிப் படம் கறுப்பு. ஷட்டருக்கு இரண்டு திரை உண்டு. அந்த வேகத்தில் முழுச் சட்டமும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது, ஒரு சந்து மட்டும் நகர்ந்துகொண்டே போகும். ஃபிளாஷ் அடிக்கிற நேரத்தில் மற்ற இடம் மூடியிருக்கும். 1/125-க்கு இறக்கியதும் சரியானது. இல்லுமினேஷன் பாடத்தில் இன்வர்ஸ் ஸ்கொயர் லா படிக்கிறோமே, அதை அங்கே கண்ணால் பார்த்தேன். லைட்டை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் முகத்தில் வெளிச்சம் கால்வாசி. பரீட்சைக்கு உருப்போட்டதெல்லாம் வீண் இல்லை!

கறுத்த தோலுக்கு நேர் எதிரே சின்ன லைட்டை வைத்து அடிக்கக் கூடாது. பக்கவாட்டில், பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும். ஜன்னலே போதும். மறுபக்கம் நிழல் அதிகமானால் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். கன்னத்தில் லேசான மினுமினுப்பு வரும். அதுதான் முகத்துக்கு வடிவம். பவுடர் போட்டு அதை அழிக்கிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குப் பாவமாக இருக்கிறது.

மாடலுக்கு என்ன மரியாதை என்று கேலி செய்த நண்பர்களுக்கு ஒன்று. அந்த அக்காவுக்கு அது கூலி வேலை. காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, நடுவில் டீக்கு இடைவேளை, பேசிய சம்பளம். முடியைச் சரிசெய்ய வேண்டுமானாலும் வாயால் சொல்ல வேண்டும், தொடக் கூடாது. படத்தை எங்கே போடப் போகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்களோடு வந்த ஒருவன் மத்தியானமே ஒரு படத்தைக் கமென்ட்டோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். மாஸ்டர் எல்லார் முன்னாலும் அழிக்கச் சொல்லி, அக்காவிடம் மன்னிப்பும் கேட்க வைத்தார்.

எல்லா வொர்க் ஷாப்பும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். முப்பது பேர் ஒரு மாடலைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு, அவர்கள் வைத்த லைட்டில் அவர்கள் சொன்ன செட்டிங்கில் எடுத்துவிட்டு வருவதும் உண்டாம். அதற்குப் போவதைவிடக் கல்யாண வீட்டில் லைட் பிடிக்கலாம், பந்தியாவது கிடைக்கும். பணம் கட்டும் முன் ஒரு மாடலுக்கு எத்தனை பேர், லைட்டை நம்மைத் தொட விடுவார்களா என்று கேளுங்கள்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் செமினார் ஹாலில் வடக்குப் பக்கம் நாலு பெரிய ஜன்னல் சும்மா கிடக்கிறது. ஒரு சனிக்கிழமை, ஒரு மாஸ்டர், நாலு தெர்மகோல் அட்டை, மாடலுக்குச் சம்பளம். அவ்வளவுதான் செலவு. ஒருவேளை மாடல் கிடைக்காவிட்டால் நாமே முறைவைத்து உட்காரலாம். எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் ஹாஸ்டல் கேலி நிற்கும்.

வொர்க் ஷாப் முடிந்த மறு ஞாயிறு, காலை எட்டு மணி. எங்கள் வீட்டு வாசல் வடக்கு பார்த்தது, நேர் வெயில் விழாது. அப்பாவின் வெள்ளை வேட்டியைப் பின்னால் கட்டினேன். தெர்மகோலை அப்பாவே பிடித்துக்கொண்டார். கையாள் வேலை அவருக்குப் புதிதா என்ன! அம்மா ஸ்டுடியோவில் உட்காருவது போல விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பீடிச் சொளகை எடுத்து மடியிலே வைம்மா. நீ பாட்டுக்குச் சுத்து, கூப்பிடும்போது மட்டும் நிமிரு" என்றேன். ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் அதிகமாகக் கூட்டி வைத்தேன். ஆறாவது பீடியில் கூப்பிட்டேன்.

அந்தப் போட்டோவை ஒட்டித்தான் அட்டையை மாற்றினோம். இந்த வருடம் சரிபார்க்கும் இடத்தில் ஒரு தடவைதான் பார்த்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மாதான் வீட்டுக்கு வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு யய்யா. தோடு கவரிங்குன்னு அப்படியே தெரியுதே!"