நிரல் பொதுவுக்கு, படம் யாருக்கு?

முத்தையாபுரத்து இளைஞர் ஒருவர் மீனவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்லும் செயலி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுகிறார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். முகப்பிலுள்ள வள்ளத்தின் படத்தை வரைந்தவரோ, வணிகத்துக்குக் கூடாது என்கிறார். இரண்டையும் ஒரே பொதியில் தரலாமா?

தரலாம். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவும் ஓவியத்தைக் கலைப் படைப்பாகவும் தனித்தனியே பார்க்கிறது. உரிமையாளர் வேறானால் நிபந்தனையும் வேறாகும். எட்டயபுரத்துப் பாரதியின் படைப்புகளை 1949-ல் அரசு வாங்கியது; பின்னர் பொதுவுடைமையாக்கியது. இன்று அவற்றை யாரும் அச்சிடலாம். ஆனால் அப்படி அச்சான ஒரு நூலுக்கு இன்றைய ஓவியர் வரைந்த அட்டையை அவரைக் கேட்காமல் எடுக்க முடியாது.

வரைந்து பிழைக்கும் ஒருவர் தன் படத்துக்கு வேலி போடுவதில் தவறில்லை. அந்த வேலியைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. நிரலைப் பார்த்து எல்லாமே பொது என்று நம்பி, செயலியைப் பிரதி எடுத்து விற்கும் அடுத்த ஆள்தான் மாட்டிக்கொள்வார்.

பெரியவர்களும் இதில் மோதியிருக்கிறார்கள். மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் உலாவியின் நிரல் திறந்தது. சின்னத்தின் உரிமம் அப்படியில்லை. டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழு, தான் தரும் உலாவியிலிருந்து சின்னத்தை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பெயர் வேண்டுமானால் சின்னமும் வேண்டும் என்றது மொசில்லா. 2006-ல் டெபியன், அந்த உலாவியின் பெயரையே ஐஸ்வீசல் என்று மாற்றியது. இணக்கம் வரப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

தமிழில் இன்னொரு கண்ணி இருக்கிறது: எழுத்துரு. விண்டோஸின் லதா எழுத்துருவை நம் செயலிக்குள் வைத்துப் பிறருக்குக் கொடுக்க முடியாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், ப்ரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான் ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். எழுத்துருவைத் தனியே விற்கக் கூடாது. எவ்வளவு உழைப்பைக் கொடையாகத் தந்திருக்கிறார்கள்! அவர்கள் பெயரைச் செயலியில் போடுவதே குறைந்தபட்ச மரியாதை.

எஃப்-டிராய்டு செயலிக் களஞ்சியம், நிரல் திறந்து படங்கள் கட்டுப்பட்ட செயலிகளை ஏற்றுக்கொள்கிறது; ஆனால் அந்தச் செய்தியைச் செயலியின் பக்கத்திலேயே குறித்துவிடுகிறது. முத்தையாபுரத்து இளைஞருக்கும் அதுவே வழி. படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, வரைந்தவர் பெயரும் நிபந்தனையும் எழுதிய உரிமக் கோப்பை அதிலேயே சேர்க்க வேண்டும். ஓவியரின் சம்மதத்தை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்க வேண்டும், முதல் பதிப்பை வெளியிடுவதற்கு முன்பே.