விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது

மெட்ராஸ் ஐ வந்தால் வீடே பரபரக்கும். கண் சிவந்து, பீளை தள்ளி, காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். தனித் துண்டு, தனித் தலையணை, கறுப்புக் கண்ணாடி என்று ஏற்பாடுகள் நடக்கும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும் தொல்லை அது. அதே வீட்டில் அறுபது வயதுக்காரர் ஒருவர், இரவு விளக்கை அணைத்தபின் கடைக்கண்ணில் பளிச்சென்று ஒரு கீற்று வெட்டி மறைவதைப் பார்த்திருப்பார். வலி இல்லை, சிவப்பு இல்லை. அதனால் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மறுநாளே மருத்துவரிடம் போக வேண்டியவர் அவர்தான்.

கண்ணின் முன்புறம் இருக்கும் கருவிழியில் நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஒரு தூசி விழுந்தாலும் துடித்துப் போகிறோம். பின்சுவரில் இருக்கும் விழித்திரை இதற்கு நேர்மாறு. சுமார் 12 கோடி கோல் செல்களும் 60 லட்சம் கூம்புச் செல்களும் கொண்ட அந்த மெல்லிய ஏட்டில் வலியை உணரும் நரம்பே இல்லை. இழுத்தாலும் கிழிந்தாலும் அதற்குத் தெரிந்த மொழி வெளிச்சம் மட்டும்தான். கண்ணைக் கசக்கும்போது பொறிகள் தெரிவதும் இதனால்தான்: ஒளி உள்ளே போகவில்லை, அழுத்தம் போனது, விழித்திரை அதையும் ஒளியென்றே மூளைக்குச் சொல்லிவிட்டது.

அப்படியானால் இருட்டில் அந்த அறுபது வயதுக்காரரின் விழித்திரையை இழுத்தது எது? கண்ணுக்குள் விட்ரியஸ் என்ற தெளிந்த கூழ் ஏறத்தாழ 4 மில்லி நிறைந்திருக்கிறது. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்; மிச்சத்தில் முக்கியமானவை கொலாஜன் இழைகள். வயது ஏற ஏறக் கூழ் நீர்த்துச் சுருங்கி, ஐம்பது அறுபது வயதுக்கு மேல் பலருக்கும் விழித்திரையிலிருந்து விலகிவிடுகிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இது முன்னதாகவே நேரும். அவர்களுடைய கண் நீண்டு, விழித்திரையும் மெலிந்திருக்கும். திரண்ட இழைகளின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் ‘பூச்சி பறக்கிறது’ என்கிறோம். ஆண்டுக்கணக்காக மிதக்கும் ஒன்றிரண்டு பூச்சிகளால் கெடுதல் இல்லை.

பெரும்பாலோருக்குக் கூழ் சேதமின்றி விலகும். சிலருக்கு, அழுத்தமாக ஒட்டியிருந்த இடத்தில் விழித்திரையைக் கிழித்துக்கொண்டு விலகும். அப்போது மின்னல் வெட்டும். திடீரென்று கரித்தூள் தூவியதுபோல் புள்ளிகள் கொட்டும். அந்தப் புள்ளிகள் ரத்தமாகவும் இருக்கலாம். ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. விரிசல் வழியே மழைநீர் இறங்கினால் சுவர்ப்பூச்சு உப்பிப் பெயருமே, அதேபோல் கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரையைப் பின்சுவரிலிருந்து பெயர்க்கிறது. ஒளியை உணரும் செல்களுக்கு ஆக்சிஜன் வருவது அந்தச் சுவரிலிருந்துதான். பெயர்ந்த பகுதி பட்டினி கிடக்கிறது. பார்வையின் ஓரத்தில் திரை இறங்குகிறது. உருவம் விழித்திரையில் தலைகீழாக விழுவதால், மேற்பகுதி பெயர்ந்தால் நிழல் கீழிருந்து ஏறும். அப்படி ஏறும் நிழலை மருத்துவர்கள் அவசரமாக எடுத்துக்கொள்கிறார்கள். மேலே தேங்கிய நீர் ஈர்ப்பு விசையால் விரைவாகக் கீழே பரவும்.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய பிறகு, பெயர்ந்த விழித்திரையை மருத்துவர்கள் நேரில் கண்டார்கள். ஆனாலும் கைவிரித்தார்கள், நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால் போதும் என்று விடாமல் வாதாடியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனன். கிழிசலின் இடத்தைக் கணித்து, சூடேற்றிய முனையால் அங்கே சுட்டு மூடினார். பல ஆண்டுகள் சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகக் கண் மருத்துவ மாநாட்டில்தான் அவருக்குரிய ஏற்பு கிடைத்தது. எத்தனை தலைமுறைகள் குருடாயின பிறகு! இன்று கிழிசலோடு வருபவருக்கு லேசரால் சில நிமிடங்களில் வேலை முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். பெயர்ந்த பிறகு வந்தால் அறுவைசிகிச்சை. நடுப்பார்வைக்குரிய மாக்குலாவும் பெயர்ந்துவிட்டால், ஒட்டிய பிறகும் பழைய கூர்மை முழுதாகத் திரும்புவது அரிது.

மாக்குலா கெடும்போது தரும் அடையாளம் வேறு. கதவு நிலையும் மின்கம்பமும் வளைந்து தெரியும். இதைக் கண்டுபிடிக்க மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டம் போட்ட தாள் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அவர் கோனனின் மாணவர். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பது முக்கியம். இரண்டும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

வேறு சில அறிகுறிகளும் அவசரமானவையே. கண்வலியோடு வாந்தியும், விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் தெரிந்தால், கண்ணின் உள்ளழுத்தம் திடீரென்று எகிறியிருக்கலாம். ஒரு கண் சட்டென்று இருண்டு சில நிமிடங்களில் தெளிந்தாலும் விட்டுவிடக் கூடாது. அது பக்கவாதத்துக்கு முன்னோடியாக இருக்கலாம். குழந்தையின் போட்டோவில் கண்பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சுண்ணாம்பு தெறித்தால் மட்டும், மருத்துவரைத் தேடும் முன்பே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மின்னலோ திரையோ தெரிந்து கிளம்புகிறவர் எந்தக் கண், எப்போதிலிருந்து, நிழல் எந்தப் பக்கம் என்பதைக் குறித்துக்கொண்டு போகலாம். கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள்; சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். தானே வண்டி ஓட்டிப் போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது நல்லது.