தபால்காரருக்கும் குப்பை வண்டிக்காரருக்கும் டிசம்பரில் என்ன கொடுக்கலாம்?

நம்மூரில் தீபாவளி நெருங்கினால் தபால்காரரும் தெரு கூட்டுகிறவரும் வாசலுக்கு வந்து இனாம் கேட்பார்கள். கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவோம். அமெரிக்காவில் யாரும் வந்து கேட்பதில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் பக்கத்து வீட்டுக்காரர் தபால் பெட்டிக்குள் ஓர் உறையை வைப்பதும், குப்பை வண்டி வரும் நேரத்துக்குக் காத்திருந்து டிரைவரிடம் எதையோ நீட்டுவதும் கண்ணில் படும். புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அப்போதுதான் கேள்வி எழுகிறது. நாமும் கொடுக்க வேண்டுமா? எவ்வளவு? கொடுத்தால் ஏதாவது வம்பு வருமா?

கொடுக்கலாம், கொடுப்பது நல்லது என்பதே என் பதில். ஆனால் இருவருக்கும் ஒரே மாதிரி கொடுக்க முடியாது. தபால்காரருக்குப் பணமாகக் கொடுக்கவே கூடாது. குப்பை எடுப்பவருக்குப் பணம் கொடுக்கலாமா என்பது, அவருக்குச் சம்பளம் தருவது யார் என்பதைப் பொறுத்தது.

முதலில் தபால்காரர். அவர் மத்திய அரசின் ஊழியர். அரசு ஊழியர்கள் தங்கள் பதவியின் பேரில் வரும் பரிசுகளை வாங்கக் கூடாது என்று 1993 முதல் நடைமுறையில் இருக்கும் நெறிமுறை விதி சொல்கிறது. அதிலேயே ஒரு சிறு விலக்கும் இருக்கிறது. ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மிகாத பரிசை அவர் வாங்கிக்கொள்ளலாம். ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டில் வாங்குவது மொத்தம் 50 டாலரைத் தாண்டக் கூடாது. ரொக்கம், காசோலை, எங்கு வேண்டுமானாலும் பணம் போலச் செலவழிக்கக்கூடிய விசா வகைப் பரிசு அட்டை, இவை எந்தத் தொகையானாலும் கூடாது. ஒரு குறிப்பிட்ட கடையில் மட்டும் செல்லும் 20 டாலர் அட்டை, உதாரணமாகக் காபிக் கடை அட்டை, பரவாயில்லை.

25 டாலர் பெறுமானமுள்ள பொருளைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மிச்சம் 5 டாலரைத் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு அதை வைத்துக்கொள்ளவும் விதி அவருக்கு இடம் தரவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அதன் முழு விலையையும் நமக்குத் தந்துவிட வேண்டும். 20 டாலருக்கு மேல் போகும் பெரிய பழக்கூடையோ பிஸ்கட் டப்பாவோ வந்தால் அலுவலகத்தில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். நாம் தாராளமாகக் கொடுக்கப் போய் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தலா 20 டாலருக்குக் கொடுத்திருந்தால், அந்த ஆண்டுக் கணக்கில் மீதி இருப்பது 10 டாலர்தான்.

இந்தக் கட்டுப்பாட்டைச் சிலர் கஞ்சத்தனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1863க்கு முன்னால் இந்த நாட்டின் நகரங்களில் வீட்டுக்குக் கடிதம் வர வேண்டுமென்றால், கொண்டுவரும் ஆளுக்குக் கடிதத்துக்கு ஒன்று இரண்டு சென்ட் என்று வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் கிடையாது; அந்தச் சில்லறைதான் வருமானம். வாசலில் காசு கொடுக்க முடியாதவர் தபால் அலுவலகத்துக்கு நடந்துபோய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நகரங்களில் தபால்காரர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து, கடிதங்களை இலவசமாக வீட்டில் சேர்த்தது. கிராமங்களுக்கு அந்த வசதி 1896இல்தான் தொடங்கியது. பணக்காரர் வீடு, ஏழை வீடு என்று பாராமல் எல்லா வாசலுக்கும் ஒரே மாதிரி வருகிற சேவை இப்படிப் போராடி வந்தது. வாசலில் மறுபடியும் காசு கைமாறத் தொடங்கினால் அந்தச் சமத்துவம் மெல்லக் கரையும். 20 டாலர் வரம்பு அதைத்தான் தடுக்கிறது.

அதனால், 'கொடுக்காவிட்டால் நம் பார்சல் ஒழுங்காக வருமா' என்ற பயத்தில் யாரும் கொடுக்க வேண்டாம். கொடுக்க முடியாத குடும்பம் கூச்சப்படவும் வேண்டாம்.

என்ன கொடுப்பது? குளிர் மாநிலங்களில் நல்ல கம்பளிக் கையுறை, தடித்த காலுறை. டெக்சாஸ், அரிசோனா பக்கம் என்றால் கோடையில் கொடுக்கும் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் டிசம்பர் பரிசைவிடப் பெரிது. 1987 முதல் 1994 வரை தயாரிக்கப்பட்ட, ஏசி இல்லாத வெள்ளைத் தபால் வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. வழக்கமாக வருகிறவரின் விடுமுறை நாளில் மாற்று ஆள் வருவார் என்பதையும் நினைவில் வையுங்கள். உறையின் மேல் பெயரை எழுதினால் உரியவரிடம் போய்ச் சேரும். பெயர் தெரியாதென்றால் நேரில் கேளுங்கள்; பெயர் கேட்டதற்கே பலர் மகிழ்ந்துபோவார்கள்.

பலகாரம் கொடுக்கலாமா என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கொடுக்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. முந்திரி, பாதாம் வகைக் கொட்டைகள், நிலக்கடலை, பால், கோதுமை, எள் எல்லாமே அமெரிக்கச் சட்டம் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாகக் குறிக்கும் ஒன்பதில் அடங்கும். எள் அந்தப் பட்டியலில் 2023 ஜனவரியில் சேர்ந்தது. முந்திரிக் கேக்கும் எள்ளுருண்டையும் அதில் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒருவர் கைக்குப் போகக் கூடாது. கடையில் வாங்கிய, சேர்மானம் அச்சிட்ட டப்பாவாக இருக்கட்டும். வீட்டில் செய்தது என்றால் என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இனி குப்பை வண்டி. இங்கே நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. நியூயார்க் நகரத்தில் வீட்டுக் குப்பையை அள்ளுகிறவர்கள் மாநகர ஊழியர்கள். தங்கள் வேலைக்காக மக்களிடம் டிப்ஸ் வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. நீங்கள் அன்போடு நீட்டும் உறை அவர்கள் வேலைக்கே உலை வைக்கலாம். வேறு பல ஊர்களில் இந்த வேலையைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் செய்கின்றன. அங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். ஆகவே முதல் வேலை, உங்கள் ஊர் அலுவலகத்துக்கோ குப்பைக் கட்டண ரசீதில் இருக்கும் எண்ணுக்கோ ஒரு போன் போட்டுக் கேட்பது. அனுமதி உண்டு என்றால், ஆளுக்கு 10 முதல் 30 டாலர் வரை கொடுப்பது இங்குள்ள வழக்கம்.

பின்பக்கம் அள்ளிப் போடும் வண்டியில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒரே உறையாகக் கொடுக்காமல் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். இயந்திரக் கையால் தொட்டியைத் தூக்கும் வண்டியில் டிரைவர் ஒருவரே இருப்பார். அவர் கீழே இறங்குவதில்லை. தொட்டி மூடியில் உறையை ஒட்டி வைத்தால் அது குப்பையோடு குப்பையாகப் போய்விடும். வண்டி நின்றபின், டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு அருகில் போய்க் கொடுங்கள். மறுசுழற்சிப் பொருள்களை எடுக்கிறவர்கள் வேறு வண்டியில், சில ஊர்களில் வேறு நாளிலும் வருவார்கள். அவர்களை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

காசைவிட இவர்களுக்குத் தேவையான ஒன்று உண்டு: பாதுகாப்பு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில், உயிரிழப்பு மிகுந்த முதல் பத்து வேலைகளுக்குள் குப்பை அள்ளும் வேலை ஆண்டுதோறும் வருகிறது. 1968 பிப்ரவரி 1 அன்று மெம்பிஸ் நகரில், மழைக்காகக் குப்பை வண்டியின் பின்புறம் ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் தொழிலாளர்களை வண்டியின் அழுத்து இயந்திரம் நசுக்கிக் கொன்றது. அதற்குப் பின் சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நானும் மனிதன்' என்று பொருள்படும் ஆங்கில அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகே நகர நிர்வாகம் இறங்கி வந்தது.

இன்றைக்கும் இவர்களில் பலரைக் கொல்வது சாலையில் விரைந்து போகும் வாகனங்கள். குப்பை வண்டியைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று நாம்தான் அதை மறக்கிறோம். உடைந்த கண்ணாடியைத் தனி அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே எழுதிப் போடுங்கள். பழைய போன், லேப்டாப் பேட்டரிகளைக் குப்பைத் தொட்டியில் போடவே வேண்டாம்; வண்டிக்குள் நசுங்கினால் அவை தீப்பிடிக்கும். தபால்காரருக்கும் இதே அக்கறை தேவை. ஆண்டுதோறும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தபால் ஊழியர்களை நாய்கள் கடிக்கின்றன அல்லது தாக்குகின்றன. அவர் வரும் நேரத்தில் நாயை உள்ளறையில் விடுங்கள். படியில் உறைந்த பனியை அவர் வருவதற்கு முன் சுரண்டி உப்புத் தூவுங்கள்.

பணம் வாங்க முடியாத ஊழியருக்கு இன்னொன்றும் செய்யலாம். தபால்காரர் என்றால் உங்கள் பகுதி போஸ்ட்மாஸ்டருக்கும், குப்பை வண்டி என்றால் ஊர் நிர்வாகத்துக்கும் அல்லது அந்த நிறுவனத்துக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதுங்கள். மேலிடத்துக்குப் புகார்கள் தவறாமல் போய்ச் சேருகின்றன. பாராட்டை எழுதுகிறவர்கள் மிகச் சிலர். ஊழியரின் பெயர் தெரிந்தால் பெயரோடு, தெரியாவிட்டால் உங்கள் தெருவையும் அவர் வரும் நாளையும் குறிப்பிட்டு, அவர் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லி இந்த மாதமே அனுப்புங்கள்.